புதுச் சிப்புக்கு ஒரு கம்பைலர்

சிப் தயாராகிவிட்டால் புராசசர் தயாராகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கம்பைலர் இல்லாத புராசசரை, அதை வடிவமைத்தவரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். சி மொழியில் எழுதியதை அந்தப் புராசசரின் கட்டளைகளாக மாற்றித் தர ஒன்று வேண்டும். சிறிய சிப்புகளில் கம்பைலரையே ஓட்டப் போதிய நினைவகம் இருக்காது. அதனால் நம் மேசைக் கணினியில் ஓடிக்கொண்டே வேறொரு மெஷினுக்குக் கோடு தயாரிக்கும் கிராஸ் கம்பைலரைத்தான் நாடுகிறோம்.

அதை அடியிலிருந்து எழுத வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஒரு சிறிய 32-பிட் புராசசருக்காக நான் அதைப் பிரித்துப் படிக்கத் தொடங்கியபோது என்னை முதலில் ஈர்த்தது அதன் பாகுபாடுதான். சி நிரலைப் படிக்கும் முன்பகுதிக்கும், அதைச் செப்பனிடும் நடுப்பகுதிக்கும் எந்த மெஷினுக்காக உழைக்கிறோம் என்பது பெரும்பாலும் தெரியாது. அந்த அறிவெல்லாம் பேக்எண்டில், புராசசருக்கு ஒன்றாக வைத்த கோப்புத் தொகுப்புகளில் இருக்கிறது. எத்தனை ரெஜிஸ்டர், எது ஸ்டாக் பாயின்டர், இரண்டு எண்களைக் கூட்ட எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று அங்கே எழுதித் தர வேண்டும். பார்வைக்கு ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நிரப்புவது போலத்தான் இருக்கும்.

உட்கார்ந்து நிரப்பும்போதுதான் மெஷின் தன் குணத்தைக் காட்டும். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் அமைந்த புராசசரையே எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒவ்வொன்றும் 32 பிட் நீளம். அதற்குள் ஒரு முழு 32-பிட் எண்ணை அடைக்க இடமில்லை. மேல் 20 பிட்டை எல்யூஐ என்ற கட்டளை ஏற்றும். கீழ் 12 பிட்டை ஆட்ஐ என்ற கட்டளை கூட்டும். இப்போது 6144-ஐ ஏற்ற வேண்டும். 4096-ஐ ஏற்றி 2048-ஐக் கூட்டினால் சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆட்ஐ வாங்கும் 12 பிட், கூட்டல் கழித்தல் குறி உள்ள எண். அதன் உச்சம் 2047. ஆகவே 8192-ஐ ஏற்றி, அதிலிருந்து 2048-ஐக் கழிக்க வேண்டும். மேனுவலில் ஒரே வரியில் முடிந்துபோகும் இந்தச் சங்கதியைக் கம்பைலரும் அசெம்பிளரும் லிங்கரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டாக வேண்டும்.

பெருக்கலும் அப்படித்தான். ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுப்பில் பெருக்கல் இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது. கம்பைலர் பேசாமல் தன் துணை நூலகத்திலுள்ள ஒரு ஃபங்ஷனை அழைத்துக்கொள்ளும். ஒரு புராசசர் எதையெல்லாம் விட்டுவிட்டிருக்கிறது என்பதை இந்த வேலை சொல்லித் தருவது போல எந்தப் பாடநூலும் சொல்லித் தந்ததில்லை.

ஆனாலும் எழுதி முடிப்பதைவிடக் கடினம், அதை உயிரோடு வைத்திருப்பது. ஜிசிசியின் உள்கட்டமைப்பு ஆண்டுதோறும் மாறுகிறது. மூலத் தொகுப்பில் சேராமல் தனியே கிடக்கும் பேக்எண்ட் சில வெளியீடுகளுக்குள் பழசாகிவிடும். ஓப்பன்ரிஸ்க் புராசசருக்கு நன்றாகவே ஓடிய ஒரு பேக்எண்ட் பல ஆண்டுகள் வெளியிலேயே நின்றது. எழுதியவர்களில் ஒருவரிடமிருந்து பதிப்புரிமையை எழுதிக்கொடுக்கும் கையெழுத்து கிடைக்காததே காரணம். கடைசியில் ஸ்டாஃபர்ட் ஹார்ன் முழுவதையும் புதிதாக எழுதினார். அது 2019-இல் ஜிசிசி 9-இல் சேர்ந்தது. மூலத் தொகுப்பில் இருந்தாலும் கவனிக்க ஆள் வேண்டும். ஜிசிசி தன் பழைய உள்முறை ஒன்றைக் கைவிட முடிவெடுத்தபோது, 1979-இல் பிறந்த மோட்டரோலா 68000 குடும்பத்தின் பேக்எண்ட் நீக்கப்படும் நிலைக்கு வந்தது. ஆர்வலர்கள் பணம் திரட்டி அதைப் புதிய முறைக்கு மாற்ற வைத்தார்கள். இத்தனை பழைய ஒரு புராசசருக்காக நடந்த அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

சென்னை ஐஐடியின் சக்தி புராசசர் 2018-இல் லினக்ஸை இயக்கிக் காட்டியதற்குப் பின்னாலும் இதே பொது உழைப்பு இருக்கிறது. சக்தி ரிஸ்க்-ஃபைவைத் தேர்ந்தெடுத்தது. அதற்கான பேக்எண்ட் 2017-இலேயே ஜிசிசி 7-இல் சேர்ந்திருந்தது. சொந்தமாக ஓர் இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு என்று புறப்பட்டிருந்தால் கம்பைலருக்கே ஆண்டுகள் போயிருக்கும்.

இன்று பொறியியல் மாணவர்களும் ரிஸ்க்-ஃபைவ் கோரில் சொந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்றிரண்டு சேர்த்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முதலில் அசெம்பிளரின் இன்ஸ்ன் டைரெக்டிவைக் கொண்டு அந்த இன்ஸ்ட்ரக்‌ஷனை ஓட்டிப் பாருங்கள். பிறகு பேக்எண்டில் கை வையுங்கள். ஜிசிசியின் சோதனைத் தொகுப்பை முழுதாக ஓட்டாமல் எதையும் நம்பாதீர்கள். உங்கள் கோடு பிறருக்கும் பயன்படும் என்றால் மூலத் தொகுப்புக்கு அனுப்புங்கள். 2021 முதல் பதிப்புரிமையை எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதியளித்தால் போதும். அந்த உரிமை உங்களுடையதா, கல்லூரியுடையதா, நிறுவனத்துடையதா என்பதை மட்டும் முதல் வரி எழுதும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.