அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டுமே!

இரவில் ஊரடங்கிய பிறகு பாட்டுக் கேட்கும் பைத்தியம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. வீட்டார் தூக்கம் கெடக்கூடாதே என்று ஹெட்போன் வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று, 1991-ல் வந்த ஸோனி எம்.டி.ஆர்.7506. காதை மூடிக்கொள்ளும் ரகம். மற்றது, 1997-ல் வந்த ஸென்ஹைஸர் எச்.டி.600. இதன் வெளிப்புறம் வெறும் வலை. உள்ளே பாடுவது வெளியே கசியும், வெளிச் சத்தம் உள்ளே வரும்.

இரண்டிலும் ஒரே ஆலாபனையை, ஒரே அளவு ஒலியில் கேட்டேன். உரக்கப் பாடுவதே உயர்ந்ததென்று காது ஏமாந்துவிடும், பாருங்கள்! மூடியதில் எல்லாம் காதருகே நெருங்கி நின்றது. திறந்ததில் தம்புரா கூடம் முழுவதும் பரவியது. ஆனால் அதன் மின்தடை 300 ஓம், மற்றதற்கு 63தான். என் கைபேசியில் அது முனகியது. ஆம்ப்ளிஃபயர் வேறு வாங்க வேண்டுமாம்! மூடியதையே வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் இரவு, அடுத்த அறையிலிருந்து அம்மா தண்ணீர் கேட்டு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. சுவரைப் பிடித்தபடி தானே வந்து என் தோளைத் தொட்டாள்.

"பாட்டா கேட்கிறே? கேளு, கேளு" என்றாள். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே மாற்றிக்கொண்டேன், ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து. இப்போது தம்புராவுக்கு நடுவே அம்மாவின் இருமலும் கேட்கிறது. சுருதி ஒன்றும் கெட்டுவிடவில்லை.