பண்ணைப் பாலத்தில் ஒரு காலை

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தைத் தாண்டி மண்டைதீவுக்குப் போகும் சாலையின் இருபுறமும் ஆழமில்லாத கடல். மாரி காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கே இரை தேடும்.

1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெருவை விட்டுப் புத்தளம் வந்தவர் என் உம்மா. "சின்ன வயசில வாப்பாட சைக்கிளில இருந்து பார்த்த பறவை. இன்னொருக்காப் பாக்கணும் மகள்" என்பார். கடந்த ஜனவரியில் அழைத்துப் போனேன்.

"30×60" என்று எழுதிய மலிவான பைனாகுலர் ஒன்றை வாங்கியிருந்தேன். உம்மாவின் கை நடுங்க, காட்சியும் நடுங்கியது. "புகை மாதிரித்தான் தெரியுது" என்றார்.

மறுநாள் விடியலில் மருமகனின் 8×42 கைகொடுத்தது. சகோதரிகளே, முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அது கூடினால் கைநடுக்கமும் கூடத் தெரியும். இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அது அகன்றால் மங்கிய வெளிச்சத்திலும் தெளிவு கிடைக்கும், பாரமும் கூடும். பறவை பார்க்க எட்டு மடங்கு போதும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கண்ணைச் சற்று விலக்கி வைத்தும் முழுக் காட்சி தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ தலை வலித்தாலோ வாங்காதீர்கள். உப்புக்காற்றுக்கு நீர் புகாதது நல்லது.

"அதே சிவப்புத்தான்" என்றார் உம்மா. பிறகு மெல்ல ஊர்ப் பக்கம் திருப்பினார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.