கரிசல் மேகமும் கழுகாசலமூர்த்தியும்

வானம் இருண்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவது பிற ஊர்களின் வழக்கம். கோவில்பட்டியைச் சூழ்ந்து விரிந்து கிடக்கும் கரிசற் பூமியில் அவ்வழக்கம் செல்லாது. ஆற்றுப் பாசனம் அறியாத இந்த மானாவாரி நிலத்தின் வாழ்வு ஐப்பசி, கார்த்திகை மழையில் அடங்கியிருக்கிறது. மேகத்தைக் கண்டு முகம் சுளிப்பவரை இங்கே எவரும் மதிக்கமாட்டார்கள்.

சென்ற ஐப்பசிக் கிருத்திகையன்று, அறுபதைக் கடந்த நண்பர்கள் நால்வர் கோவில்பட்டியிலிருந்து மிதிவண்டியில் கழுகுமலைக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. விடியும்போதே வடகிழக்கில் கருமேகம் திரண்டிருந்தது. தலைக்கு மேலோ தெளிந்த நீலம். பெய்யுமா, கலையுமா என்று எவராலும் சொல்ல இயலாத வானம். பேருந்திலேயே போய்விடலாமே என்றார் ஒருவர். எங்களுள் உழவரான நண்பர் சிரித்தார். "நனைந்தால் நனைவோம் அண்ணாச்சி, அதை வேண்டத்தானே போகிறோம்!"

சிரித்தாலும் அவருக்கு உள்ளூரக் கவலை இருந்தது. புரட்டாசியில் 4 ஏக்கரில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்திருந்தார். பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து வைப்பது இந்நிலத்தின் முறை. நன்றாகப் பெய்தால் விதை ஒருசேர முளைத்தெழும். பெய்யாவிட்டால் சில காலம் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். அரைகுறையாகத் தூறி நின்றுவிட்டாலோ, முளைத்த பயிர் ஈரமின்றிக் கருகிப்போகும். மறுவிதைப்புக்குக் கடன் வாங்க வேண்டும். ஆகவே அவர் பெரிதும் அஞ்சியது தூறலுக்குத்தான்.

வாடைக்காற்று முதுகைத் தள்ளியதால் மேற்கு நோக்கிய பயணம் எளிதாயிற்று. இருபுறமும் கரிய மண். இடையிடையே பனையும் உடைமரமும். நண்பர் ஒருவர் காவடிச் சிந்து பாடத் தொடங்கினார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மீது பாடியது அது. ஊற்றுமலை ஜமீன்தார் காவடி சுமந்து இத்தலத்துக்கு நடந்தபோது வழிநடைப் பாடலாகப் பிறந்தது என்பர். காலடிக்கு அமைந்த தாளம் மிதிவண்டியின் மிதிக்கும் இசைந்தது. ஆனால் மூச்சு இரைக்கவே, பாடியவர் இரண்டு கண்ணிகளோடு நிறுத்திக்கொண்டார்.

வண்டிகளை நிறுத்தித் திரும்பிப் பார்த்தோம். கிழக்கே, எட்டயபுரத் திசையில், கருமை கூடியிருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக்காலத்தில் அவ்வூருக்கு வந்த வழியில், கருகிக் கிடந்த நிலத்தைக் கண்டு மனம் கசிந்து அமிர்தவர்ஷினி ராகத்தில் அம்பிகையைப் பாட, மழை கொட்டியது என்பது வழிவழிச் செய்தி. மழை அளவு மீறவே, அதை நிறுத்துமாறும் பாடினாராம். கரிசலில் மழையை நிற்கச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்! 1835இல் தீபாவளித் திருநாளில் அவர் எட்டயபுரத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

கழுகுமலைத் திருக்கோயிலுக்குத் தனி விமானம் இல்லை, மலையே விமானம். சந்நிதியை வலம்வர விரும்புவோர் மலையையே வலம்வர வேண்டும். குடைவரைக்குள் ஒரு திருமுகமும் ஆறு திருக்கரங்களுமாய், மயில்மீது அமர்ந்து மேற்கு நோக்கி அருள்கிறான் கழுகாசலமூர்த்தி. அம்மயில் இந்திரனே என்பது தலவரலாறு. தம்பி சடாயுவுக்கு ஈமக்கடன் ஆற்ற இயலாத சம்பாதி, அக்குறை தீர வழிபட்டதால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது. தீபாராதனையின்போது உழவர் நண்பரின் உதடுகள் அசைந்தன. "பெய்தால் உழவு ஆழத்துக்குப் பெய்யட்டும் என்று கேட்டேன்" என்று பின்னர் சொன்னார். மழைக்கு அதிபதியான இந்திரனே மயிலாக நிற்கும் சந்நிதியில் வேறெதைக் கேட்பார்?

முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் வெட்டுவான் கோயிலுக்கும் ஏறினோம். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய சிவாலயம். சிகரம் நிறைவுற்றிருக்க, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை அங்கே காணாமல் திரும்பலாகாது. அருகில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. உழவர் நண்பர் இவை எதையும் பார்க்கவில்லை. வடகிழக்கில் வானுக்கும் மண்ணுக்கும் இடையே சாம்பல் திரையாய் இறங்கிய மழைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம காட்டுப் பக்கந்தான்" என்றார்.

திரும்பும்போது எதிர்காற்று. பாதி வழியில் மழை எங்களையும் பிடித்தது; முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்தது. கோவில்பட்டிக்குச் சற்று முன்னர் அவர் வயலுக்குப் பிரியும் வண்டிப்பாதையில் நான்கு சுழற்சிக்குள் கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. வண்டிகளைச் சாலையோரம் சாய்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அவர் வரப்பில் குந்தி, குச்சியால் மண்ணைக் கிளறி விரலால் அளந்தார். நான்கு விரற்கடை ஈரம் இறங்கியிருந்தது.

"முளைக்க இது போதும்" என்றார். "நிலைக்க இன்னொரு மழை வேண்டும். ஒரு வாரத்துக்குள் வரணும்."

கைம்மண்ணைத் துடைக்காமல் வடகிழக்கைப் பார்த்தார். அங்கே மேகம் இன்னும் இருந்தது.