பெரும்பாக்கம் முதல் வேளாங்கண்ணி வரை

ஆகஸ்டு 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8-ல் அன்னையின் பிறப்புப் பெருவிழாவுடன் நிறைவுறுவது வேளாங்கண்ணித் திருவிழா. பெரும்பாக்கத்திலிருந்து நாம் அங்கு மோட்டார் சைக்கிளிலேயே சென்றோம். பொழுது புலரப் புறப்பட்டு, சோழிங்கநல்லூர் கடந்து, கடற்கரைச் சாலையைப் பற்றினோம். மாமல்லபுரம், புதுவை, கடலூர், சிதம்பரம், காரைக்கால், நாகை என ஏறத்தாழ 300 கிலோமீட்டர்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏர் நெடுஞ்சாலையில் ஒரு வளைவும் இன்றி 146 கிலோமீட்டர் நீளும் பகுதியொன்று உண்டு. அங்கே வண்டியோட்டிக்குப் பகை, தனிமையும் உறக்கமுமே. நம் சாலையிலோ தனிமைக்கு இடமேது? காவியுடுத்தி, செபமாலை சொல்லியவாறு ஓரமாய் நடந்து செல்லும் நம் சகோதர சகோதரிகளை வழிநெடுகக் கண்டோம். வெயிலுக்கு அஞ்சி அவர்கள் இரவிலும் நடக்கின்றனர். இருளில் விரையும் வண்டிக்கு அவர்கள் அருகில் வரும்வரை புலப்படுவதில்லை.

அன்னையை நாடி நடப்பவர்மீது, அன்னையை நாடி விரைபவர் மோதினால் அது என்ன பக்தி? ஆகவே, அன்பர்களே, பகலில் பயணம் செய்வோம், இருட்டுமுன் தங்குவோம். பின்னிருப்பவருக்கும் தலைக்கவசம் அணிவிப்போம். நடப்போரைக் கண்டதும் வேகம் தணித்து, தாகத்துக்குத் தண்ணீரும் கொடுப்போம். அதுவும் நேர்த்திக்கடனே.