காக்கா சுற்றாத படகு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்து, தரையெல்லாம் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூடைகளையும் மீன்பாடி வண்டிகளையும் கடந்து படகுத்துறைக்கு வந்தேன். வலைக்குவியல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். அழைத்து வந்திருந்தவர் அவர்களுடைய ஓவிய ஆசிரியர்.

எதிரே இரண்டு விசைப்படகுகள். ஒன்று தண்ணீருக்குமேல் உயர்ந்து நிற்கிறது, மற்றது நன்றாக அமிழ்ந்திருக்கிறது.

"அது மீனோட வந்துகீது சார்" என்றான் ஒரு பையன்.

"எதப் பாத்து சொல்ற?"

"கீழ எறங்கி கீதே சார். உள்ள லோடு கீது."

பக்கத்திலிருந்த சிறுமி விடவில்லை. "மீனு இருந்தா காக்கா சுத்தாதா? ஒண்ணுகூட காணோம். ஐஸும் டீசலும் ஏத்திட்டாங்க. கடலுக்குப் போவப் போவுது."

பையன் எழுந்து போய் எட்டிப் பார்த்தான். வலை காய்ந்து, மடித்தபடி கிடந்தது. திரும்பி வந்தவன், தன் படத்தில் போட்டிருந்த மீன் கூடைகளை அழித்துவிட்டு, காய்ந்த வலையை வரையத் தொடங்கினான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

ஆசிரியர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கு நீண்ட வரலாறு உண்டு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும் படம் பார்க்கக் கற்றுத்தர உருவாக்கிய முறை மூன்றே கேள்விகளில் நிற்கிறது: இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய், இன்னும் என்ன தெரிகிறது? நடுவில் இருப்பதுதான் உயிர்நாடி. சொன்னதற்குச் சான்று காட்டியாக வேண்டும். சான்று பொய்த்தால் சொன்னதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கூர்ந்து பார்ப்பது வீட்டுப் பழக்கம். பள்ளி அதை அறிவு என்று மதிப்பதுதான் குறைவு. மீன் விற்ற தாயின் மகனான புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துத் தங்கள் தெருவைத் தாங்களே படமெடுக்கக் கற்றுத்தருகிறார். அந்த வேலையை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

பள்ளியில் கலைக்கு இடமே இல்லை என்றல்ல: தமிழக அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-23இல் தொடங்கியது. மேடையும் பரிசும் பிள்ளைகளுக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சிந்தனை வளர்வது வாராவாரம் வரும் ஓவிய வகுப்பில். அந்தப் பாடவேளையைத்தான் தேர்வு நெருங்கியதும் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காகத் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் கணக்கில். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். அரைநாள் கிடைக்கும் ஒருவர் பிள்ளைகளைத் துறைமுகம்வரை எப்படி அழைத்து வருவார்?

பிள்ளைகள் படகுத்துறையில் வரைந்த படங்களை அவர்களுடைய அறிவியல் ஆசிரியை கேட்டிருக்கிறாராம். மிதத்தல் பாடத்தை இவற்றை வைத்தே ஆரம்பிக்கப்போகிறார். சிறுமியிடம் கேள்வி இப்போதே தயார்: மழைக்காலத்தில் எண்ணூர் கழிமுகத்தில் நல்ல தண்ணீர் கலக்கும்போது, இதே படகு, இதே லோடு, இன்னும் கொஞ்சம் அமிழுமா?