கதானோ வாத்துக்குளமும் சரிவு வலையும்

ஜப்பானின் மேற்குக் கடற்கரையில், இஷிகாவா மாகாணத்துக் காகா நகரின் எல்லைக்குள், தாழ்ந்த குன்றுகளால் சூழப்பட்டுக் கிடக்கும் கதானோ வாத்துக்குளம் ஏறத்தாழ 10 ஹெக்டேர் பரப்பே உடையது. ஆயினும் வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் பைக்கால் கிளுவைகளும் ஆயிரக்கணக்கில் இங்குக் குளிர்காலத்தைக் கழிப்பதால், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 1993-இல் இச்சிறு குளம் இடம்பெற்றது. கோடியக்கரைக்கு வரும் ஊசிவால் வாத்தின் இனத்தையும் இங்குக் காணலாம்.

2024 மார்ச்சில் நீட்டிக்கப்பட்ட அதிவேக ரயில் பாதையில் காகா ஒன்சென் நிலையம் வந்திறங்கும் பயணி, குளத்தை அடைவதற்குள்ளாகவே அந்நிலத்தின் வானிலையை அறிந்துவிடுகிறார். சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலில் ஓடும் சுஷிமா வெந்நீரோட்டத்தைக் கடக்கும்போது ஈரத்தை முகந்துகொண்டு, கரையோர மலைகளில் மோதி மழையாகவும் ஆலங்கட்டியாகவும் பனியாகவும் இறங்குவதால், காலையில் வெயில் அடித்த குன்றின்மேல் நண்பகலில் இடி முழங்குவதும் மாலையில் பனி பொழிவதும் இங்கு வியப்புக்குரியன அல்ல. கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்கலாகாது என்பது அப்பகுதி மக்களின் வழக்கு.

இந்த நிலையற்ற வானிலையை நம்பியே இங்குள்ள வேட்டை நடைபெறுகிறது. ‘சகாஅமி’ எனப்படும் இம்முறையின் பெயரில் ‘சகா’ என்பது சரிவையும் ‘அமி’ என்பது வலையையும் குறிக்கும். கவட்டை வடிவில் மூங்கிலும் மரமும் கொண்டு கட்டப்பட்டு, சுமார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள கைவலையை ஏந்திய வேட்டைக்காரர், குளத்தில் இறங்காமல், அதைச் சூழ்ந்த குன்றுச் சரிவில் அசையாமல் காத்திருக்கிறார். பகலெல்லாம் நீரில் ஓய்ந்திருந்த வாத்துகள் அந்தி மயங்கியபின் வயல்களில் சிந்திய நெல்லை நாடிக் குன்றைக் கடக்கும் சில நிமிடங்களே வேட்டைக்குரிய பொழுது; இறகோசை கேட்ட கணத்தில் வலை செங்குத்தாக மேலே எறியப்படுகிறது, மோதிய பறவையைச் சுற்றி அது பைபோல் மூடிக்கொள்கிறது. காற்றற்ற தெளிந்த மாலையில் பறவைகள் எட்டாத உயரத்தில் பறந்துவிடுகின்றன. எதிர்க்காற்று வலுத்தால் அவை தாழ்ந்து, வேகம் குறைந்து குன்றுமுகட்டை உரசுவதுபோல் வருகின்றன. ஆகவே எந்தச் சரிவில் நிற்பது என்பதைக் காற்றின் திசையே தீர்மானிக்கிறது. மெல்லிய முகில் நிலவொளியைப் பரப்பினால் பறவையின் நிழலுரு தெரியும், கார்முகில் மூடினால் செவி ஒன்றே துணை. வயல்களைக் கடும்பனி மூடிய நாள்களில் வாத்துகள் இரைதேடி வேறிடம் போய்விடுவதால், வேட்டைக்காரர் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்வேட்டையை, இப்பகுதியை ஆண்ட தைஷோஜி சிற்றரசு தன் சாமுராய் வீரர்களின் உடற்பயிற்சியாகக் கருதி ஊக்குவித்தது. அக்காலத்தில் மற்றவருக்கு அதில் உரிமை இல்லை. பின்னர் உள்ளூர் வேட்டைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பு பொறுப்பேற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அமெரிக்கப் படை அதிகாரிகள் இங்குத் துப்பாக்கி வேட்டையை விரும்பியபோது, வேட்டைக்காரர்களே அதை எதிர்த்து நின்றனர் என்பது இக்குளத்தின் வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரிய செய்தியாகும். வெடியோசை ஓயாது கேட்கும் குளத்தில் பறவை தங்காது. பறவை தங்காத இடத்தில் கைவலைக்கு வேலை இல்லை. இதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்திருந்தனர். ஒரு வீச்சுக்கு ஒரு பறவை என்ற அளவிலேயே நிற்கும் கருவியை அவர்கள் கைவிடாததே, ராம்சார் பட்டியலைவிட நெடுங்காலம் இக்குளத்தைக் காத்தது எனத் துணிந்து கூறலாம்.

இவ்வாறு பிடிக்கப்பட்ட வாத்தின் இறைச்சியில் ஈயக்குண்டோ காயத்தின் குருதிக்கறையோ இராது என்பதால், மாவில் புரட்டிக் குழம்பில் வேகவைக்கும் ‘ஜிபுனி’ என்ற காகா நாட்டு உணவுக்கு அது பெரிதும் விரும்பப்படுகிறது. வேட்டைப் பருவம் நவம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை மட்டுமே; அதன்பின் வடதிசைப் பயணம் தொடங்கும் வரை, எஞ்சிய பறவைகள் அதே குளத்தில் தங்குகின்றன.