எஞ்சியவள்

1997-ல் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போனபோது அம்மாவையும் அழைத்துச் சென்றேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க் தெருவில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பொழுதுபோக்க வேறு இடமா இல்லை என்று கேட்காதீர்கள். நெரிசலான அந்த ஊரில் மர நிழலும் அமைதியும் சேர்ந்து கிடைத்த இடம் அது.

1767-ல் திறக்கப்பட்ட தோட்டம். கம்பெனி காலத்து ஆங்கிலேயர்கள் பிரமிடும் தூணுமாக நினைவுச் சின்னங்களின் அடியில் உறங்குகிறார்கள். பாசி படிந்த ஒரு கல்லில் ஒரு பெண்ணின் பெயர். அதன் கீழே 'ரெலிக்ட்' என்ற சொல். அடுத்து கணவரின் பெயர், பதவி.

"என்னடா போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்கியவன் நான். "யாரோ ஒருத்தரோட சம்சாரம்" என்று சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். ரெலிக்ட் என்றால் விதவை. 'விட்டுச் செல்லப்பட்டவள்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. புனிதர்களின் எலும்பையும் அங்கியையும் குறிக்கும் 'ரெலிக்', நடுக்கடலில் கைவிடப்பட்ட கப்பலைக் குறிக்கும் 'டெரலிக்ட்' இரண்டும் இதன் உறவுகள். உயில்களிலும் சர்ச் பதிவேடுகளிலும் கல்லறைகளிலும் சில நூற்றாண்டுகள் புழங்கி, பிறகு வழக்கொழிந்துவிட்டது. கணவன் விட்டுச் சென்ற வீடு, நிலம், நகை, அந்த வரிசையில் மனைவி.

வழக்கில் நிலைத்த 'விடோ' மட்டும் என்ன வாழ்ந்தது? அதுவும் சமஸ்கிருத 'விதவா'வும் ஒரே வேரில் பிறந்தவை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொதுவான மூலம் இருக்க வேண்டும் என்று 1786-ல் இதே கல்கத்தாவில் சொன்ன நீதிபதி வில்லியம் ஜோன்ஸ், நாங்கள் பார்த்த அதே தோட்டத்தில்தான் உறங்குகிறார். மனைவியை இழந்தவனுக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் கிடையாது. 'விடோ'வுக்கு வால் ஒட்டி 'விடோயர்' ஆக்கிக்கொண்டார்கள். தமிழில் 'தபுதாரன்' உண்டு. யாரையாவது அப்படிக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்களா? பெண்ணின் நிலைக்குத்தான் முத்திரை அவசியமாக இருந்திருக்கிறது.

முத்திரை குத்தும் வேலையில் நம் அலுவலகங்களும் சளைத்தவை அல்ல. குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மா நிரப்பிய படிவங்களில் அவள் பெயர் வந்த இடமெல்லாம் அப்பாவின் பெயரும் வந்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று கையெழுத்தும் வாங்கினார்கள். "அறுபத்தோரு வயசுல எவன் வரிசையில நிக்கிறான்?" என்று அம்மா கேட்க, எதிரே இருந்த குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார்.

அகராதியில் இன்னொரு பொருளும் இருந்தது. அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். உயிரியலில் ரெலிக்ட் என்றால், தன் கூட்டம் அழிந்த பின்னும் பிழைத்திருக்கும் இனம். நியூசிலாந்தில் டுவாட்டாரா என்று ஒரு பிராணி. பார்த்தால் பல்லி மாதிரி இருக்கும், பல்லி அல்ல. டைனோசார் காலத்தில் அதற்குச் சொந்தங்கள் ஏராளம். இன்று அந்த வரிசையில் மிச்சம் அது ஒன்றுதான்.

"பல்லின்னு சொன்னா என்ன, எலும்புன்னு சொன்னா என்ன?" என்றாள் அம்மா. "உசிரோட இருக்கேன்ல, அதைச் சொல்லு."

கல்கத்தாவில் நான்கு வருடம் இருந்தோம். மீன்காரரிடம் வங்காளத்தில் பேரம் பேசும் அளவுக்கு அம்மா தேறினாள். எனக்கு அந்தப் பாஷை கடைசி வரை வாய்க்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினாள். பாஸ் புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள். தொகையைப் பார்ப்பதாக நினைத்தேன். முதல் பக்கத்தில் இருந்த பெயரைத்தான் பார்த்தாள் என்று பிறகு புரிந்தது.

2014-ல் அவள் இறந்தபோது பத்திரிகைக்கு இரங்கல் விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். 'காலஞ்சென்ற இன்னாரின் மனைவி' என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் அம்மாவின் பெயரில் தொடங்கினேன். மறுநாள் உறவினர் ஒருவர் ஃபோனில் கோபித்துக்கொண்டார்: "அப்பா பேரை விட்டுட்டியே!"

விடவில்லை. இரண்டாவது வரியில் இருந்தது.